குளிர்காலத்தில் அந்தால்யா: முதல் தடவை போகிறவர்களுக்கு

துருக்கியின் தெற்குக் கரையில் இருக்கும் அந்தால்யாவைப் பற்றி எங்கே தேடினாலும் கோடைக்கால விவரம்தான் கிடைக்கிறது. கடற்கரைக் குடை, படகுச் சவாரி, நீச்சல் குளம். நானும் மனைவியும் ஒரு ஜனவரியில் பதினெட்டு நாள் அங்கே இருந்தோம். படித்துவிட்டுப் போன இடங்களில் பாதி பூட்டிக் கிடந்தன, மீதிக்குக் கிளம்பும்போதெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் வீணான பிறகுதான் பிடிபட்டது: அங்கே குளிர்காலத்தில் மறுநாள் திட்டத்தை முந்தின இரவே போட்டுவைக்கக் கூடாது. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துப் போட வேண்டும். அதற்கு ஏற்றபடி விசா, தங்குமிடம், டிக்கெட் எல்லாவற்றையும் முன்னாலேயே எப்படி ஒழுங்கு செய்வது என்பதை வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

டிசம்பரும் ஜனவரியும்தான் அங்கே மழைக்காலம். பகலில் 15 டிகிரி, இரவில் 6 டிகிரி சுற்றி இருக்கும். நகருக்குள் பனி விழாது. ஆனால் மேற்கே நிற்கும் பெய்தாவ் மலைகளின் உச்சி வெள்ளையாக இருக்கும். இரண்டு மூன்று நாள் இடி மின்னலோடு கொட்டும். பிறகு துடைத்துவிட்ட மாதிரி வெயில் வரும். அதனால் மூன்று நாள் பயணமாகப் போகாதீர்கள். அந்த மூன்று நாளும் மழையிலேயே போய்விடலாம். குறைந்தது எட்டு நாள் வைத்துக்கொண்டால் நான்கைந்து நாளாவது வெயில் கிடைக்கும்.

குளிர்காலத்திலும் அங்கே கடிகாரத்தைக் கோடை நேரத்திலேயே வைத்திருப்பதால் ஜனவரியில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது. ஏழு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தால் நடுராத்திரி போல இருக்கும். மாலை ஆறரைக்குள் இருட்டிவிடும். ஒரு நாளைக்கு ஒரு இடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை இடம். அதற்கு மேல் கணக்குப் போடாதீர்கள்.

ரமலான் நோன்பு 2026, 2027 இரண்டிலும் பிப்ரவரியில் தொடங்குகிறது. அந்தால்யாவில் பகலிலும் உணவகங்கள் திறந்துதான் இருக்கும். ஆனால் நோன்பு முடிந்து வரும் பெருநாள் விடுமுறையில் பேருந்து, விமானம் எல்லாம் நிரம்பிவிடும். அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

2. விசா

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் இ-விசா போதும். இருந்த இடத்திலிருந்தே சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் விசா மையம் வழியாக ஸ்டிக்கர் விசா வாங்க வேண்டும். அதற்கு வங்கிக் கணக்கு விவரம், வேலை பார்க்கும் இடத்தின் கடிதம், ஓட்டல் பதிவு, பயணக் காப்பீடு, போக வர டிக்கெட் எல்லாம் வேண்டும். குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். இலங்கை, மலேசியா என்று வேறு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விதி வேறு. இ-விசா தரும் அரசு இணையப் பக்கத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கான நிபந்தனைகளைக் காட்டும்.

இனி, கவனிக்க வேண்டிய பொறிகள்.

முதலாவது, போலித் தளங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் பக்கம். இரண்டு மூன்று மடங்கு வாங்கிக்கொள்வார்கள். அரசுத் தளத்தின் முகவரி 'டாட் கவ் டாட் டிஆர்' என்று முடியும். அப்படி முடியாவிட்டால் மூடிவிடுங்கள்.

இரண்டாவது, தட்டச்சுப் பிழை. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கத்தை நான் மாற்றி அடித்துவிட்டேன். பணம் கட்டின பிறகு திருத்தவும் முடியாது, பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. மறுபடி விண்ணப்பித்து மறுபடி கட்டினேன். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். விமான டிக்கெட்டிலும் விசாவிலும் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று இன்னொருவரை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நம் பிழை நம் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, ஆதாரமாகக் காட்டும் விசா. நீங்கள் துருக்கிக்குள் நுழையும் நாளில் அது உயிரோடு இருக்க வேண்டும். அதோடு, மின்னணு வடிவில் மட்டும் இருக்கும் விசாவை ஆதாரமாக ஏற்பதில்லை. பிரிட்டனில் இப்போது எல்லாமே மின்னணு விசாவாக மாறிவருகிறது. அங்கே இருக்கும் நம்மவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஒருமுறை நுழைவு. இந்தியர்களுக்குக் கிடைக்கும் இ-விசா 30 நாள் தங்க, ஒரே ஒரு தடவை நுழைய. மேற்கே காஷ் ஊரிலிருந்து பார்த்தால் மெய்ஸ் என்ற கிரேக்கத் தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஷெங்கன் விசா இருக்கிறதே, ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம் என்று படகேறினால் உங்கள் துருக்கி விசா அத்தோடு முடிந்தது. திரும்பி நுழையப் புதிதாக எடுக்க வேண்டும்.

விசா, ஓட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட் மூன்றையும் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் கேட்டது துருக்கி அதிகாரி இல்லை, இங்கே விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கொடுப்பவர்தான். ஆதார விசா ஒட்டியிருக்கும் பக்கத்தையும் அவரே புரட்டிப் பார்த்தார். செலவுக்குக் கையில் இருக்க வேண்டிய தொகை ஒரு நாளைக்கு 50 டாலர் என்பதும் நிபந்தனையில் வரும். வங்கி அட்டையோடு கணக்கு விவரமும் ஒரு தாள் இருக்கட்டும்.

3. விமானம்

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. பெரும்பாலும் இஸ்தான்புல் இறங்கி, உள்நாட்டு விமானத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். இஸ்தான்புல்லில் இரண்டு விமான நிலையங்கள். புதியது ஐரோப்பியப் பக்கம், சபீஹா கோக்சென் ஆசியப் பக்கம். இரண்டுக்கும் நடுவே 80 கிலோமீட்டர் அளவுக்குத் தூரம், இஸ்தான்புல் போக்குவரத்து நெரிசலும் சேர்த்து. மலிவாக இருக்கிறதே என்று உள்நாட்டு டிக்கெட்டைச் சபீஹாவிலிருந்து எடுத்துவிட்டு, புதியதில் இறங்கித் திண்டாடுகிறவர்கள் நிறைய. முடிந்தவரை ஒரே டிக்கெட்டில் அந்தால்யா வரை எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் உள்நாட்டு விமானத்தில் பெட்டி எடை வரம்பு குறைவு என்பதையும் பாருங்கள். நாங்கள் கூடுதல் கிலோவுக்குக் கட்டிய பணத்தில் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கலாம்.

4. தங்குமிடம்: அவசரப்படாதீர்கள்

பெலெக், கெமெர், சீதே பக்கத்துப் பெரிய கடற்கரை விடுதிகளில் பல நவம்பர் வாக்கில் மூடி ஏப்ரலில்தான் திறக்கும். திறந்திருப்பவை மலிவாக இருக்கும். ஆனால் சுற்றிலும் கடை, உணவகம் எதுவும் இருக்காது. நகருக்குள் தங்குவதே சரி. எனக்குப் பிடித்தது கலெய்ச்சி என்ற பழைய கோட்டைப் பகுதி. நடந்தே எல்லாம் பார்க்கலாம். கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டி இழுப்பதுதான் கஷ்டம். கார் உள்ளே எல்லா இடத்துக்கும் வராது, கடைசித் தெருவுக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கோன்யால்ட்டி பக்கம் அறை பெரிதாக இருக்கும், கடல் எதிரே.

விலை? எங்கள் அறைக்கு ஜூலையில் கேட்பதில் பாதிகூட இல்லை. ஆனால் விலையைப் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். அந்த ஊர் வெயிலுக்காகக் கட்டிய ஊர். பல வீடுகளில் தரை முழுக்க டைல்ஸ், வெப்பமூட்டும் குழாய்கள் கிடையாது. ஏசியையே சூடாக ஓட விட வேண்டும். முதல் நாள் இரவு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே தூங்கினோம். மறுநாள் வீட்டுக்கார அம்மா வந்து ரிமோட்டை வாங்கி, சூரியன் படம் வரும் வரை ஒரு பட்டனை அமுக்கிக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் அறை சூடேறியது. குளியலறையில் வேறு கதை. வெந்நீர் மொட்டை மாடியில் இருக்கும் சூரியத் தொட்டியிலிருந்து வருகிறது. இரண்டு நாள் மழை பெய்தால் தொட்டி பச்சைத் தண்ணீர்தான். அதற்கென்று ஒரு மின்சார சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அது எங்கே என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி அனுப்புங்கள்: அறையில் சூடு எப்படி, மழை நாளில் வெந்நீர் உண்டா, வாடகை அனுமதி இருக்கிறதா. மூன்றாவது முக்கியம். 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து, சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய காலத்துக்கு வீடு விடுகிறவர்கள் அரசு அனுமதி வாங்கி வாசலில் பலகை மாட்ட வேண்டும் என்பது சட்டம். குடியிருப்பில் மற்ற வீட்டுக்காரர்களின் ஒப்புதலும் வேண்டும் என்பதால் பலர் வாங்கவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் போய் மாட்டினால் பாதிப் பயணத்தில் பெட்டியைத் தூக்க நேரிடும்.

இன்னொன்று: உலகம் முழுக்கப் பிரபலமான ஓட்டல் பதிவுத் தளம் ஒன்று 2017இல் வந்த நீதிமன்றத் தடையால், துருக்கிக்குள் இருந்துகொண்டு துருக்கி அறைகளைப் பதிவு செய்ய விடுவதில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல் கிளம்பும் முன்பே அறையைப் பதிவு செய்துவிடுங்கள்.

5. பணமும் போனும்

ரூபாயை அங்கே மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யூரோவோ டாலரோ கொஞ்சம் எடுத்துப் போய், விமான நிலையத்தில் மாற்றாமல், நகருக்குள் 'தோவிஸ்' என்று எழுதியிருக்கும் கடையில் மாற்றுங்கள். லிரா விலைகள் வேகமாக ஏறுவதால் பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் லிராக் கணக்கை நம்பாதீர்கள். இங்கேயும் நான் லிரா விலை எதுவும் எழுதாததற்கு அதுதான் காரணம்.

ஏடிஎம்மில் எடுத்தால் வங்கிக்கு வங்கி கட்டணம் மாறும். பணம் வரும் முன் திரையில் கட்டணம் காட்டும், பிடிக்கவில்லையென்றால் ரத்து செய்துவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போங்கள். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?' என்று கேட்டால் வேண்டாம், லிராவிலேயே என்று சொல்லுங்கள். கடையில் அட்டை தேய்க்கும்போதும் அப்படியே.

பயண இ-சிம்மை இந்தியாவிலேயே வாங்கிப் போனில் ஏற்றிவிடுங்கள். 2025 ஜூலையில் அப்படிச் சிம் விற்கும் பல தளங்களைத் துருக்கிக்குள் முடக்கிவிட்டார்கள். அங்கே போய் வாங்க முயன்றால் பக்கமே திறக்காது.

6. பெட்டியில் என்ன

கம்பளிக் கோட்டு தேவைப்படாது. தண்ணீர் புகாத மேல்சட்டை, உள்ளே ஒரு ஸ்வெட்டர், வழுக்காத ஷூ. குடை வேண்டாம், அந்தக் காற்றில் ஒரே நாளில் அதன் கம்பி முறிந்துவிடும்.

7. விமான நிலையத்திலிருந்து நகருக்கு

இஸ்தான்புல் வழியாக வந்தால் உள்நாட்டு முனையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து 'ஆன்ட்ரே' டிராம் கிடைக்கும். பழைய நகரத்துக்கு இஸ்மெத்பாஷா நிறுத்தத்தில் இறங்குங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பேருந்திலும் டிராமிலும் ரொக்கமாகக் காசு வாங்க மாட்டார்கள். 'அந்தால்யா கார்ட்' வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம், அல்லது தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையையே காட்டலாம். நம்முடைய அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொட்டுச் செலுத்தும் வசதியையும் வீட்டிலேயே இயக்கி வைத்துவிட்டு வாருங்கள். நள்ளிரவில் வந்தால் டாக்சி சுலபம். மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள்.

8. வெயில் அடித்தால்

காலை வானம் தெளிவாக இருந்தால் அன்றைக்குத் தூரமான இடம். துருக்கி வானிலைத் துறையின் எச்சரிக்கையை மட்டும் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம் வைத்துச் சொல்வார்கள். ஆரஞ்சு என்றால் நகரை விட்டு நகர வேண்டாம்.

பெர்கேயின் ரோமானிய இடிபாடுகள் மிகச் சுலபம். எக்ஸ்போ பக்கம் போகும் டிராமில் அக்சு வரை, பிறகு சுமார் 2 கிலோமீட்டர் நடை. கோடையில் அந்த நடை கொடுமையாம். ஜனவரியில் சுகமாக இருந்தது. அஸ்பெந்தோஸ் அரங்கத்துக்குப் பேருந்து மாறி, கடைசியில் டாக்சியும் பிடிக்க வேண்டும். இந்த இடங்களின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு யூரோவில். பெரிய இடங்களில் ஆளுக்கு 10, 15 யூரோ ஆகிவிடும். குளிர்காலத்தில் மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் மூடிவிடுகிறார்கள், டிக்கெட் கவுண்டர் அதற்கும் முன்பே.

தஹ்தாலி மலைக்குக் கேபிள் கார் உண்டு. 2365 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. மேலே பனி, கீழே நீலக் கடல். காற்று அடித்தால் ஓடாது. கிளம்பும் முன் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் போய், அடிவாரத்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். பனியில் சறுக்க வேண்டுமென்றால் சாக்லிகெந்த், நகரிலிருந்து 50 கிலோமீட்டர். பனி ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி விழுவதில்லை, அதனால் அதற்காகவே பயணத்தை வைக்காதீர்கள்.

தெர்மெசோஸ் மலைக்கோட்டை அழகு. ஆனால் பிரதான சாலையிலிருந்து மேலே 9 கிலோமீட்டருக்குப் பேருந்து இல்லை. மழைக்கு மறுநாள் பாறைகள் வழுக்கும், இரண்டு நாள் காய விட்டுப் போங்கள்.

எனக்கு மறக்காதது யானார்தாஷ். சிராலி ஊருக்கு மேலே, பாறை இடுக்குகளில் இயற்கை வாயு கசிந்து தானாக எரியும் தீ. இருட்டில்தான் பார்க்க வேண்டும். கோடையில் ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும், ஜனவரியில் ஆறரைக்கே இருட்டு. டார்ச் இல்லாமல் படி ஏறாதீர்கள். சிக்கல் போக்குவரத்துதான். கும்லுஜா பக்கம் போகும் மினி பேருந்து நெடுஞ்சாலைச் சந்திப்பில் இறக்கிவிடும். அங்கிருந்து கிராமம் 7 கிலோமீட்டர் கீழே. கோடையில் வண்டிகள் நிற்கும், குளிர்காலத்தில் ஒரு நாயும் நாங்களும்தான் நின்றோம். சிராலியிலேயே ஒரு இரவு தங்க ஏற்பாடு செய்து, விடுதிக்காரரையே சந்திப்புக்கு வண்டி அனுப்பச் சொல்லுங்கள்.

9. மழை பெய்தால்

கீழ் டூடென் அருவி நேராகக் கடலில் விழுகிறது, சுமார் 40 மீட்டர் உயரப் பாறையிலிருந்து. கோடையில் இளைத்துக் கிடப்பது மழைக்குப் பிறகு முழங்கிக்கொண்டு விழும். லாரா என்ற பகுதிக்குப் போகும் பேருந்தில் போய், மழை விட்ட அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

பழைய வழிகாட்டிகள் எல்லாம் மழை நாளுக்கு அந்தால்யா அருங்காட்சியகத்தைச் சொல்லும். அதை 2025இல் மூடிவிட்டார்கள், பழைய கட்டடத்துக்குப் பதில் புதிதாகக் கட்டுவதற்கு. திறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஹமாம் என்ற துருக்கிப் பொதுக் குளியல் கூடத்துக்குப் போக மழை நாளை விட நல்ல நாள் கிடையாது. உள்ளே போகும் முன் விலையில் எது எது சேர்த்தி என்று கேளுங்கள். முரட்டுக் கையுறையால் உடம்பைத் தேய்ப்பது 'கெசெ', நுரை பூசுவது 'கோபுக்'. இரண்டும் சேர்த்துத்தானா, தனியா? எண்ணெய்க் குளியல் பழகிய நமக்கே அந்தத் தேய்ப்பு கொஞ்சம் அதிகம்தான்.

மாலையில் அரசு ஓப்பெரா, பாலே நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பருவமே குளிர்காலம்தான். டிக்கெட்டை இணையத்தில் எடுக்கலாம், நம் ஊர் மல்ட்டிபிளெக்ஸ் கணக்கோடு ஒப்பிட்டால் பெரிய செலவு இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அரங்கம் கதகதப்பாக இருந்தது.

10. சாப்பாடு

தெருவெல்லாம் ஆரஞ்சு மரம். ஜனவரியில் பழம் தொங்கும், கீழே விழுந்து உருளும். முதல் நாள் ஒன்றை எடுத்து உரித்து வாயில் போட்டேன். புளிப்பும் கசப்பும் சேர்ந்து காதுவரை ஏறியது. எதிரே கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அபி, துருஞ்ச்!" என்றார். அபி என்றால் அண்ணன். துருஞ்ச் நம் நார்த்தங்காய்க்கு உறவுக்காரன். அவர்களும் பச்சையாகத் தின்பதில்லை, ஜாம் காய்ச்சுகிறார்கள். நல்ல பழம் வேண்டுமானால் தெருச் சந்தையில் பினிகெ ஆரஞ்சு என்று கேட்டு வாங்குங்கள். சந்தை ஒவ்வொரு பேட்டையிலும் வாரத்தில் ஒரு நாள், உங்கள் பேட்டைக்கு எந்த நாள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

சைவக்காரர்களுக்குப் பருப்புச் சூப் எல்லா இடத்திலும் கிடைக்கும், 'மெர்ஜிமெக் சோர்பாசி'. ஆனால் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள். 'எத் சுயு வார் மு?' என்று கேட்டால் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். 'எத்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாதது. கீரையும் சீஸும் வைத்து மடித்துச் சுடும் கோஸ்லெமெ நம் நாக்குக்கு ஒத்துவரும். 'சிய் கோஃப்தெ' என்ற பெயருக்குப் பச்சை இறைச்சி உருண்டை என்று பொருள், ஆனால் கடைகளில் விற்பது கோதுமை ரவையில் காரம் சேர்த்துப் பிசைந்தது, இறைச்சி கிடையாது. அந்தால்யாவுக்கே உரிய பியாஸ் வெள்ளை பீன்ஸில் எள் விழுது ஊற்றித் தருவது, மேலே அவித்த முட்டை வைப்பார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். இருட்டின பிறகு தெருவில் சூடான சலேப் பாலும் சுட்ட கஷ்கொட்டையும் வாங்கிக்கொண்டு துறைமுகம் வரை நடந்துபோய் வந்தால் இரவு உணவே வேண்டியதில்லை.

11. திரும்பும் நாள்

விமானத்துக்கு முந்தின நாளைத் தூரப் பயணத்துக்கு வைக்காதீர்கள். புயல் காற்று வந்தால் மலைச் சாலையில் மாட்டிக்கொள்வீர்கள். இஸ்தான்புல்லில் மாறக் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள், குளிர்காலத்தில் அங்கே பனியாலும் விமானங்கள் தாமதமாகும். துருஞ்ச் ஜாம் வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள், ஜாமும் திரவக் கணக்குதான். எங்கள் இரண்டு பாட்டில்களும் சோதனை மேசையோடு நின்றுவிட்டன.